பறவையும் நிலவும்: இரு படங்களை ஒன்றாக்குவது எப்படி?



சென்ற தைப்பொங்கல் நிகழ்ச்சியின்போது, மண்டபத்தில் நான் வைத்திருந்த சில புகைப்படங்களைப் பார்த்த பலர், "நிலாவுக்கு முன்னால் பூநாரை நிற்கிற அந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். நேரம் போதாமையால் அன்று விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. இன்றைய உரையில் அதனைச் சொல்கின்றேன். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். அது ஒரு படம் அல்ல. இரண்டு படங்களைச் சேர்த்துச் செய்த ஒன்று. அப்படிச் செய்வது ஏன் என்பதையும், எப்படி என்பதையும், செய்தபின் மறக்கக் கூடாதது என்ன என்பதையும் பார்ப்போம்.

நான் 1995 முதல் 2009 வரை சார்ஜாவில் வேலை பார்த்தவன். இப்பொழுது லண்டனில் அக்காவின் குடும்பத்தோடு அண்டையில் இருக்கின்றேன். மகன் டுபாயில் வேலை செய்வதால் ஒவ்வொரு தை மாதமும் அங்கு போய் வருவேன். வளைகுடா என்றால் மணலும் உயர்ந்த கட்டடங்களும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். உண்மையில் அது பறவைகளின் பெருந்தெரு. ஆசியாவின் வடக்கே உறைபனி விழத் தொடங்கியதும் இலட்சக்கணக்கான பறவைகள் இந்தக் கரைகளுக்கு வந்து சேருகின்றன. ஓமானின் பார் அல் ஹிக்மான் சேற்றுத்தரைகள், பஹ்ரேனின் ஹவார் தீவுகள், குவைத்தின் ஜஹ்ரா நீர்நிலைகள் எல்லாம் இவற்றுக்குப் பெயர் பெற்றவை.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் எல்லோரும் எளிதாகப் போகக்கூடிய இடம், டுபாய் ஓடையின் முடிவில் இருக்கும் றாஸ் அல் கோர் சரணாலயம். 2007 ஆம் ஆண்டு இது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் றாம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பூநாரைகளின் பின்னால் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபா தெரியும். அபுதாபிக்குப் பக்கத்தில் அல் வத்பா என்னும் நீர்நிலையில் 1998 இல் பூநாரைகள் குஞ்சு பொரித்தன. அதன்பின் அது பாதுகாக்கப்பட்ட இடமாகி, 2013 இல் அதே பட்டியலில் சேர்ந்தது. உம் அல் குவைன் கடனீரேரியில் கண்டல் மரங்களுக்கு நடுவே பூநாரைகளும், நண்டு தின்னும் கரையோரப் பறவைகளும் கூட்டமாக நிற்கும்.

இதே பூநாரை இனந்தான் மன்னார் வங்காலையிலும், சுண்டிக்குளத்திலும், யாழ்ப்பாணக் கடனீரேரிகளிலும் குளிர்காலத்தில் நிற்பது. எங்கள் ஊரில் சிறு வயதில் பார்த்த பறவையைப் பல ஆண்டுகளின் பின் சார்ஜாவிலிருந்து அரைமணி நேர ஓட்டத்தில் கண்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கமரா வாங்கியது அதன் பிறகுதான்.

ஒரே படத்தில் ஏன் முடியாது?

பொழுதுபட்டு அரைமணி நேரம். வானம் கருநீலம். பூநாரைகள் தண்ணீரில் அசையாமல் நிற்கின்றன. மேலே நிலவு. கண்ணுக்கு இரண்டும் நன்றாகவே தெரிகின்றன. கமராவை எடுத்து அமத்தினால், ஒன்றில் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாக வரும், அல்லது பறவைகள் கறுத்துப்போய் வரும். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது வெளிச்சம். நமக்கு இங்கே இரவு. சந்திரனில் அது பகல். சூரிய ஒளி நேரே விழும் பாறையைத்தான் நாம் பார்க்கின்றோம். பூரண நிலவை எடுக்க எஃப் 8, ஐ.எஸ்.ஓ 200, 1/250 செக்கன் ஏறக்குறைய சரியாக இருக்கும். அந்த நேரத்தில் நிழலில் நிற்கும் பறவைக்கோ எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ 3200, 1/15 செக்கன் வேண்டும். கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 500 மடங்கு வித்தியாசம். நம் கண்ணும் மூளையும் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்கின்றன. கமராவால் ஒரே அமத்தலில் அது முடியாது.

இரண்டாவது குவியம். சந்திரன் சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. பூநாரை உங்களிலிருந்து 100 அல்லது 150 மீற்றர் தூரத்தில் நிற்கின்றது. 400 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 5.6 இல் வைத்து எடுத்தால், இரண்டும் ஒன்றாகத் தெளிவாக வருவதற்குப் பறவை கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் நின்றால் அது பூநாரையா, நட்ட தடியா என்று தெரியாது. வானத்தில் நிலவு அரைப் பாகை அகலந்தான். நிமிர்ந்து நிற்கும் பூநாரை ஏறக்குறைய 1.4 மீற்றர் உயரம். அது நிலவின் அளவுக்குத் தெரிய வேண்டுமானால் 155 மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் பறவைக்குக் குவியம் வைத்தால் நிலவின் விளிம்பு மங்கும். நிலவுக்கு வைத்தால் பறவை மங்கும்.

ஆகவே பறவைக்கு ஒரு படமும் நிலவுக்கு ஒரு படமும் எடுத்துப் பின்னர் சேர்க்கின்றோம். இது கணனி வந்த பின் பிறந்த குறுக்குவழி அல்ல. பிரான்ஸ் நாட்டின் குஸ்தாவ் லெ கிறே என்பவர் 1850களில் கடற்காட்சிகளை எடுத்தபோது இதே சிக்கல்தான் வந்தது. கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளிறிவிடும். அவர் கடலுக்கு ஒரு நெகற்றிவும் வானத்துக்கு ஒரு நெகற்றிவும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். நாம் செய்வதும் அதுவேதான்.

சேர்க்காமலே எடுக்க ஒரு வழியும் உண்டு. பூரணைக்கு முதல் நாள் நிலவு சூரியன் மறைவதற்குச் சற்று முன்னரே கிழக்கில் எழுந்துவிடும். அப்பொழுது தரையிலும் வெளிச்சம் இருக்கும். நிலவும் கண்ணைக் கூசாது. அந்தச் சில நிமிடங்களில் வெளிச்சச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குவியச் சிக்கல் மட்டும் மிஞ்சும். பறவை தூரத்தில் பறந்து போகுமானால் அதுவும் தீரும். நிலவின் முன்னால் பறவைகள் கடப்பது அபூர்வமுமல்ல. 1952 ஒக்டோபரில் வட அமெரிக்காவில் ஜோர்ஜ் லவுரி என்ற பறவையியலாளரின் ஏற்பாட்டில், தொண்டர்கள் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தபடி இருந்து, அதனைக் கடந்துபோன வலசைப் பறவைகளை எண்ணினார்கள். இரவில் பறக்கும் பறவைகளை அறிய அன்று அதுவே நல்ல வழி.

படம் எடுக்கும் முறை

முக்காலி கட்டாயம் வேண்டும். கமராவைத் தானியங்கியில் விடாமல் கைமுறைக்கு மாற்றுங்கள். படத்தை றோ வடிவில் சேமியுங்கள்.

முதலில் பறவை. அசையாமல் நிற்கும் பறவையைத் தெரிவு செய்யுங்கள். ஒற்றைக்காலில் உறங்கும் பூநாரை மிக நல்லது. 1/15 செக்கனில் பத்துப் படம் எடுத்தால் இரண்டு மூன்றாவது தெளிவாக வரும். பறக்கும் பறவைக்கு 1/1000 செக்கனாவது வேண்டும். இருட்டில் அது சரிவராது. அப்படியானால் மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாக எடுங்கள்.

உடனே நிலவு. அதே இடம், அதே வில்லை, அதே மாலை. குவியத்தை நிலவுக்கு மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். தாமதிக்க வேண்டாம். நிலவு இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும். மெல்லிய பிறை பூரண நிலவைவிட மங்கல். ஆகவே அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

பறவைக்குத் தொல்லை கொடுக்காதீர்கள். பளிச்சு விளக்கு வேண்டாம். கிட்டப் போக வேண்டாம். பயந்து எழும்பும் ஒவ்வொரு முறையும், வலசைக்காகச் சேர்த்து வைத்த பலத்தை அது வீணாக்குகின்றது. றாஸ் அல் கோரில் பறவை பார்க்கும் மறைவிடங்கள் உண்டு. மாலையில் மூடிவிடுவார்கள், நேரத்தை முன்னரே விசாரித்துப் போங்கள். இன்னொன்று: வளைகுடா நாடுகளில் அரச, பாதுகாப்புக் கட்டடங்களைப் படமெடுப்பது குற்றம். மனிதரைக் கேளாமல் எடுப்பதும் அப்படியே. இருட்டில் நீண்ட வில்லையோடு துறைமுகப் பக்கம் நின்றால் கேள்வி வரும். அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் இதனைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கணனியில் சேர்க்கும் முறை

போட்டோஷொப் இருந்தால் அதில் செய்யலாம். இல்லாதவர்களுக்குக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

பறவைப் படத்தைக் கீழேயும் நிலவுப் படத்தை மேலேயும் இரண்டு லேயராக வையுங்கள். மேல் லேயரை 'லைட்டன்' என்ற முறைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எது வெளிச்சமோ அதுவே தெரியும் என்பதுதான் அதன் பொருள். நிலவைச் சுற்றியிருந்த கறுப்பு வானம் மறைந்து, கீழ்ப் படத்தின் நீல வானம் வரும். வெளிறிப்போன பழைய நிலவுப் பொட்டைக் கீழ்ப் படத்தில் முதலே அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே வெளிச்சமாக மேலே நிற்கும்.

பிறையின் இருண்ட பகுதியிலும் நீலம் தெரிகின்றதே, இது சரியா என்று சிலர் கேட்பார்கள். சரிதான். அந்த நீலம் நிலவுக்குப் பின்னால் இல்லை. நமக்கும் நிலவுக்கும் நடுவே உள்ள காற்றில் இருக்கின்றது. ஆனால் அந்த இருண்ட பகுதிக்குள் ஒரு நட்சத்திரத்தை வைத்துவிடாதீர்கள். அங்கே சந்திரனின் உடல் இருக்கின்றது. அதன் ஊடாக நட்சத்திரம் தெரியாது.

பறவையின் கழுத்து நிலவுக்கு முன்னால் வருமானால், லைட்டன் முறையில் நிலவின் வெளிச்சம் கழுத்தை விழுங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டு நிலவை மறைக்க வேண்டும். பொறுமையான வேலை இதுதான். எனக்கு ஒரு கழுத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

நிலவைப் பெருப்பிக்க வேண்டாம். வில்லையின் நீளத்தை 110 ஆல் வகுத்தால் கமராவின் உணரியில் நிலவு விழும் அகலம் வரும். 400 மில்லிமீற்றர் வில்லையில் அது 3.6 மில்லிமீற்றர். அவ்வளவுதான் இயற்கை. வண்டிச் சில்லு மாதிரி நிலவு வைத்த படங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருந்தால் நிலவின் பிரதிபிம்பம் அதற்கு நேர் கீழேதான் விழும். வளைகுடாவின் புழுதிக் காற்றில் அடிவானத்து நிலவு செம்மஞ்சளாக இருக்கும். அங்கே பால்வெள்ளை நிலவை வைத்தால் பொய் தெரிந்துவிடும்.

நான் விட்ட பிழை

இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை பிழை விட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் உம் அல் குவைனில் அருமையான பூநாரைப் படம் ஒன்று கிடைத்தது. அன்று வானத்தில் நிலவு இல்லை. என்னிடம் லண்டனில் அக்கா வீட்டுப் பின்வளவில் ஒக்டோபர் மாதம் எடுத்த மூன்றாம் பிறை ஒன்று இருந்தது. அதனை எடுத்து இதில் ஒட்டினேன். அழகாக இருந்தது. ஒரு நாட்காட்டிக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். சேர்த்துச் செய்த படம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

நாட்காட்டி வெளிவந்து ஒரு மாதம் கழித்து, மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வாழ்நாளில் பாதியைக் கடலில் கழித்தவர், ஒரு சாவீட்டில் என்னைக் கண்டு பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி, படம் நல்லாயிருக்கு. ஆனா இது எந்த ஊர்ப் பிறை?" என்றார்.

"ஏன் ஐயா?"

"எங்கட பக்கம் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். அரபிக் கடலிலையும் நான் தொழிலுக்குப் போன காலத்தில அப்பிடித்தான் கண்டனான். இது சுவரிலை சாத்தி வைச்ச மாதிரியெல்லோ நிக்குது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னது அச்சொட்டான வானியல். பிறையின் வெளிச்சப் பக்கம் எப்பொழுதும் சூரியன் மறைந்த திசையையே பார்க்கும். மன்னார் வட அகலக்கோடு 9 பாகையில் உள்ளது. அங்கே சூரியன் ஏறக்குறைய நேரே கீழிறங்கும். பிறை அதற்கு மேலே நிற்பதால் அதன் வயிறு கீழ்நோக்கும். டுபாய்ப் பக்கம் 25 பாகை. தை மாசி மாதங்களில் அங்கும் பிறை பெரும்பாலும் தோணிபோலவே கிடக்கும். லண்டன் 51 பாகைக்கும் மேலே. அங்கே, அதுவும் இலையுதிர் காலத்தில், சூரியன் சரிந்து போய் மறைய, பிறை அதற்கு இடப்பக்கமாக அடிவானத்தை ஒட்டி நிற்கும். ஆகவே வயிறு வலப்பக்கம் திரும்பி, பிறை எழுந்து நிற்கும். நான் லண்டன் பிறையை அரபு வானத்தில் மாட்டிவிட்டேன்.

பெரியவர் கோபிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "அப்ப மற்றப் படங்கள், தம்பி? அதெல்லாம் உண்மையோ?" அதே நாட்காட்டியில் நான் எடுத்த வேறு ஐந்து படங்கள் இருந்தன. ஐந்தும் உண்மையானவை. ஆனால் ஒன்று பொய்யாகிப் போனதால் ஐந்துக்கும் நான் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

இது ஏன் நமக்குப் பெரிய விஷயம்?

படத்தை மாற்றுவதில் பெரிய இடங்களும் தவறியிருக்கின்றன. நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1982 பெப்ரவரி அட்டைப்படத்தில், நிலைக்குத்தான அட்டைக்குப் பொருந்துவதற்காக எகிப்தின் பிரமிட்டுகளைக் கணனியால் நெருக்கி வைத்தது. அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. 2023 மார்ச்சில், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் காட்டி ஒருவர் கைத்தொலைபேசியால் எடுத்தபோது, அங்கே இல்லாத குழிகளையும் மேடுகளையும் தொலைபேசி தானாகவே வரைந்துவிட்டது. இப்பொழுது கமராவே கேளாமல் சேர்க்கின்ற காலம்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியல்ல. வீடு எரிந்தபோதும், ஊர் விட்டு ஓடியபோதும் ஆல்பங்களை இழந்தவர்கள் நாம். எஞ்சிய சில படங்களைத்தான் அகதி மனுவோடும், காணாமற்போனோரைத் தேடும் விண்ணப்பத்தோடும் கொடுத்தோம். "இது போலி" என்ற ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கையைத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதைக் கண்டவர்கள் நாம். ஆகவே உண்மையான படத்தின் மதிப்பைக் கெடுக்கும் எதனையும் நாம் செய்யக் கூடாது.

அதற்காகச் சேர்த்துச் செய்யும் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம் ஒன்று உண்டு. 1990 இல் மன்னாரிலிருந்து படகில் போய் மண்டபம் முகாமில் இருந்தபோது அம்மாவின் கையில் அப்பாவின் அடையாள அட்டைப் படம் மட்டுமே இருந்தது. அப்பா அதற்கு முன்னரே இறந்துவிட்டார். கலியாணப் படம் வீட்டோடு போய்விட்டது. 1992 இல் அம்மா ஒரு ஸ்ரூடியோவில் தன்னைப் படம் எடுப்பித்து, இரண்டையும் ஒன்றாக்குவித்தார். உற்றுப் பார்த்தால் அம்மாவின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும். அப்பாவின் முகத்தில் நேரே விழும். கமராவைப் படித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

அம்மா இறந்த பின் சட்டத்தைத் துடைக்கக் கழற்றியபோது, படத்தின் பின்பக்கம் பேனையால் எழுதியிருந்ததைக் கண்டேன். "சேர்த்துச் செய்த படம். 1992. அவர் படம் 1984 இல் எடுத்தது." எட்டாம் வகுப்புப் படித்த அம்மா, யாரும் கேட்காமலே அதனை எழுதி வைத்திருக்கின்றார். என் மகள், "அப்பம்மாவும் அப்பப்பாவும் எப்ப எடுத்த படம்?" என்று கேட்டால் சரியான பதில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது.

நாட்காட்டிப் படத்துக்கு அப்படி ஒரு வரி நான் எழுதவில்லை. அந்த வெட்கத்தில்தான் மறு ஆண்டு தை மாதம் உம் அல் குவைனுக்குத் திரும்பிப் போனேன். மூன்று மாலை காத்திருந்து, ஒரே இடத்தில், ஒரே மாலையில், பூநாரையையும் அதன் பின்னால் இருந்த பிறையையும் தனித்தனியே எடுத்தேன். நீங்கள் பொங்கல் விழாவில் பார்த்தது அந்தப் படந்தான். அதன் கீழே சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: "இரு படங்கள் சேர்த்தது, உம் அல் குவைன், ஒரே மாலை, நான்கு நிமிட இடைவெளி." பெரியவருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது சரி. இது தோணி" என்றார்.

நேயர்களே, கமரா இருப்பவர்கள் முயன்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இங்கே குளத்து வாத்தும் நிலவும் போதும். தொடங்குவதற்குப் பாலைவனம் தேவையில்லை. படம் எப்படி வந்தாலும் அதன் பின்பக்கத்தில், அல்லது கணனிக் கோப்பின் குறிப்பில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எதனோடு எதனைச் சேர்த்தது. வீட்டிலுள்ள பழைய படங்களுக்கும், தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைச் செய்துவிடுங்கள்.